கோரிக்கை மனு: மீட்புக்குச் செல்லும் வள்ளங்களை ஏற்றி இறக்க முறையான டிரெய்லரும் இறங்குதுறையும் வேண்டி

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் நிர்வாகிகள்,
ஃபைபர் வள்ளம் உரிமையாளர்கள் சங்கம்,
தூத்துக்குடி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
தூத்துக்குடி.

பொருள்: வெள்ள மீட்புக்கு அழைக்கப்படும் வள்ளங்களும் அவற்றைச் சுமக்கும் டிரெய்லர்களும் ஏற்றி இறக்கும்போது சேதமாவதைத் தடுக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பதிவானது. தாமிரபரணி கரைபுரண்டு ஸ்ரீவைகுண்டமும் ஏரலும் துண்டிக்கப்பட்டபோது, கடற்கரை ஊர்களிலிருந்து வள்ளங்கள் லாரியேறி வயல்வெளிக்கு வந்தன. அதற்கு இரண்டு வாரம் முன்பு மிக்ஜாம் புயலின்போதும், 2015 டிசம்பரிலும் சென்னையில் இதுவே நடந்தது. இனியும் கூப்பிட்டால் வருவோம். அதில் இரண்டாவது பேச்சு இல்லை. வந்த வள்ளம் எந்த நிலையில் ஊர் திரும்புகிறது என்பதைத்தான் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறோம்.

வெள்ளத்தில் ஓடிச் சேதமாகும் வள்ளத்தைவிட, லாரியில் ஏறி இறங்கிச் சேதமாகும் வள்ளமே அதிகம். எங்கள் வள்ளங்கள் பெரும்பாலும் 28 முதல் 32 அடி நீளம். தண்ணீரில் மிதக்கும்போது அடிப்பாகம் முழுவதும் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். லாரியிலோ நான்கு பழைய டயர்மேல் மொத்த எடையும் உட்காருகிறது. அமரம் (பின்பகுதி) லாரிக்கு வெளியே தொங்குகிறது. அதில் இன்ஜினையும் கழற்றாமல் விட்டால், ஒவ்வொரு பள்ளத்திலும் அது பின்பலகையைப் பிய்த்து எடுக்கிறது. இறக்கும் இடத்தில் கிரேன் கிடைத்தால் நடுவயிற்றில் ஒரே பெல்ட். கிடைக்காவிட்டால் ஆட்கள் தள்ளுவதுதான். அன்று ஒன்றும் தெரியாது. ஊர் திரும்பிக் கடலுக்குப் போன பிறகு, ஏராவை (அடிக்கட்டையை) ஒட்டி மயிரிழையாக ஒரு வெள்ளைக் கோடு தெரியும். அதன்வழி தண்ணீர் ஊறிக்கொண்டிருக்கும். அதற்குள் எல்லாரும் வெள்ளத்தை மறந்திருப்பார்கள்.

எனவே படகுக்கென்றே செய்த டிரெய்லர்களை மாவட்டப் பேரிடர் தளவாடங்களில் சேர்க்க வேண்டும் என்பதே எங்கள் முதன்மைக் கோரிக்கை. ஆனால் ஏதோ ஒரு டிரெய்லர் வாங்கி நிறுத்திவிட்டால் போதாது. நெல் மூட்டை ஏற்றும் டிராக்டர் டிரெய்லரைப் போல இதை நினைத்து வாங்கினால், முதல் மழையிலேயே சக்கரம் கழன்று நடுரோட்டில் நிற்கும். காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

நெடுந்தூரம் ஓடிவரும் டிரெய்லரின் ஹப் சூடாக இருக்கும். சூட்டோடு தண்ணீரில் இறக்கினால் உள்ளேயிருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். கடற்கரையில் வள்ளத்தை ஏற்றும்போது உப்புத் தண்ணீர். வெள்ளத்தில் இறக்கும்போது சேற்றுத் தண்ணீர். இரண்டும் பேரிங்குக்கு எமன். கிரீஸ் பால் நிறமாக மாறும், பேரிங் துருப்பிடிக்கும். பிறகு ஓடும்போது இறுகிப் பிடித்துக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் சக்கரம் புதிதுபோலவே இருக்கும். பொறுமையாகச் செய்யும் வேலை என்றால் கை வைத்துப் பார்த்து, ஹப் ஆறிய பிறகு இறக்கலாம். மொட்டை மாடியில் ஆள் கூப்பிடும்போது யார் ஆற வைப்பது? அதனால்தான் ரோலர் பொருத்திய டிரெய்லரே வேண்டும் என்கிறோம். மரப்பலகை வைத்த டிரெய்லரில் வள்ளம் மிதக்கும் அளவுக்கு வண்டி மூழ்க வேண்டும். ரோலரில் ஏரா உருண்டு போகும். சக்கரத்தின் நடுப்பகுதி நனையாமலே பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். சட்டம் நாகமுலாம் பூசியதாக இருக்கட்டும்; பெயின்ட் அடித்த இரும்பு உப்புக் காற்றில் தாங்காது.

ஏற்றும் முறையையும் எழுத்தில் வகுத்துத் தர வேண்டுகிறோம். அணியம் (முன்பகுதி) டிரெய்லரின் முன்கட்டையில் முட்டி நிற்க வேண்டும். பாரம் பின்னால் கூடினால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டும். இன்ஜினைக் கழற்றித் தனி வண்டியில் ஏற்றுவதே நல்லது. வின்ச் பெல்ட்டை மட்டும் நம்பி ஓட்டக் கூடாது. அமரத்தை இரு பக்கமும் தனி பெல்ட்டால் இறுக்க வேண்டும். ஆனால் இறக்கும்போது, வள்ளம் தண்ணீரைத் தொடும்வரை வின்ச் கொக்கியைக் கழற்றவே கூடாது. ரோலரில் இருக்கும் வள்ளம் யாரையும் கேட்காமல் சரிந்துவிடும். வின்ச் கைப்பிடியைச் சுழல விட்டுக் கையை நீட்டினால் எலும்பு முறியும். பின்விளக்கு வயரைத் தண்ணீருக்குள் போகுமுன் பிடுங்கிவிட வேண்டும் என்பது சின்ன விஷயம்தான். அதை மறந்தால் இரவில் விளக்கில்லாமல் திரும்ப வேண்டிவரும்.

வள்ளத்தைத் திரும்ப ஏற்றும்போது இன்னொரு கேடு. அவசரத்தில் இன்ஜினை முழு வேகத்தில் முடுக்கி டிரெய்லர்மேல் ஏற்றுகிறார்கள். காற்றாடி தள்ளும் தண்ணீர் இறங்குதுறைத் தளத்தின் விளிம்புக்கு அடியிலுள்ள மண்ணை அரித்துக் குழி பறிக்கும். அடுத்து வரும் வண்டியின் சக்கரம் அந்தக் குழியில் விழுந்து அச்சு வளையும். வின்ச் இருக்கும்போது இன்ஜினால் ஏற்ற வேண்டிய தேவையே இல்லை.

வெள்ளக் காலத்தில் சாலை தண்ணீருக்குள் இறங்கும் இடம்தான் இறங்குதுறை. அங்கே சாலையோரம் எங்கே முடிகிறது, வாய்க்கால் எங்கே தொடங்குகிறது என்பது யாருக்கும் தெரிவதில்லை. தாமிரபரணிக் கரையூர்களில், உறுதியான சரிவுள்ள இடங்களை மழைக்கு முன்பே கிராம நிர்வாக அலுவலர்கள் வழியாகத் தேர்வுசெய்து, இரு ஓரங்களிலும் ஆளுயரக் கம்பம் நட வேண்டும். இதற்குப் பெரிய செலவில்லை.

டிரெய்லர்கள் ஆண்டு முழுவதும் சும்மா நிற்கும் என்பதும் எங்களுக்குக் கவலை. சும்மா நிற்கும் வண்டிதான் சீக்கிரம் கெடும். ஒவ்வொரு செப்டம்பரிலும் பேரிங்கைக் கழற்றிப் பார்த்துத் தண்ணீர் தாங்கும் கிரீஸ் வைக்கவும், ஸ்பிரிங் பட்டை, யூ போல்ட், வின்ச் பெல்ட், டயர் ஆகியவற்றைச் சோதிக்கவும், நீரில் இறங்கிய ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவவும் ஒருவரைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்க வேண்டும்.

நஷ்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005 இன் 65ஆம் பிரிவு மீட்புக்காக வாகனங்களைக் கேட்டுப் பெறும் அதிகாரத்தைத் தருகிறது. 66ஆம் பிரிவு இழப்பீட்டைப் பற்றிப் பேசுகிறது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரள அரசு, மீட்புக்கு வந்த படகு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாயும் எரிபொருளும் அறிவித்ததோடு, சேதமான படகுகளைச் சீர்செய்து தரும் பொறுப்பையும் ஏற்றது. இங்கும் அதுபோல ஓர் ஆணை வேண்டும். ஏற்றுமுன்பும் இறக்கிய பின்பும் அடிப்பாகத்தையும் பின்பலகையையும் படம் எடுத்து, உரிமையாளரும் அலுவலரும் கையொப்பமிட்டால் பிறகு வாக்குவாதத்துக்கு இடமிருக்காது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்குள் ஒரு டிரெய்லரையாவது தருவித்து, தீயணைப்புத் துறையினரும் மீன்வளத் துறையினரும் ஓட்டுநர்களும் முன்னிற்க, எங்கள் வள்ளம் ஒன்றை ஏற்றி இறக்கிப் பார்க்க ஒரு நாள் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். வள்ளமும் ஆட்களும் எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
சங்க நிர்வாகிகள் மற்றும் உறுப்பினர்கள்