ஆவணம் இழந்தால் ஆதாரம் இழப்போம்!

வணிகப் பெருமக்களே! உங்கள் கடையின் பேரேட்டை எத்தனை ஆண்டுகள் பத்திரப்படுத்தி வைக்கிறீர்கள்? வரி அதிகாரி கேட்டால் காட்ட வேண்டும். பாக்கிதாரர் இல்லை என்று மறுத்தால் நிரூபிக்க வேண்டும். பங்காளி கணக்குக் கேட்டால் விரித்துப் போட வேண்டும். இதற்காகவே பழைய ரசீதுகளைக்கூட மூட்டை கட்டிப் பரணில் ஏற்றி வைக்கிறீர்கள். கணக்கு இல்லாத வியாபாரம் கரை சேராது என்பதை உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஒரு கடைக்கே இவ்வளவு எச்சரிக்கை தேவை என்றால், ஒரு நாட்டுக்கு எவ்வளவு தேவை? இந்த நாட்டின் பேரேடு எங்கே இருக்கிறது? அதை யார் வைத்திருக்கிறார்கள்? யார் திறந்து பார்க்கலாம்? அதில் எந்தெந்தப் பக்கங்கள் இல்லை? இளைஞர்களே, இந்தக் கேள்விகளை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

புதுடெல்லி ஜன்பத் சாலையில் இருக்கிறது இந்தியத் தேசிய ஆவணக் காப்பகம். தலைநகருக்குச் செல்லும் நம்மவர்கள் செங்கோட்டையைப் பார்க்கிறார்கள், ஜும்ஆ மஸ்ஜிதைப் பார்க்கிறார்கள், சாந்தினி சௌக்கில் சரக்கும் வாங்குகிறார்கள். இந்தக் கட்டடத்தின் வாசலை மிதித்தவர்கள் மிகக் குறைவு. அதன் வரலாற்றை அறிந்தவர்கள் அதைவிடக் குறைவு.

ஆள்வோருக்காகப் பிறந்தது

கிழக்கிந்தியக் கம்பெனி எதை விட்டாலும் எழுத்தை விடவில்லை. வாங்கியது, விற்றது, பிடித்தது, பறித்தது எல்லாவற்றையும் எழுதி வைத்தது. கல்கத்தா அலுவலகங்களில் காகிதம் மலையாய்க் குவிந்தது. வழக்கமான காகிதங்களை அழித்துவிட்டு, மதிப்புள்ளவற்றை ஒரு மைய ஆவணக் காப்பகத்துக்கு மாற்ற வேண்டும் என்று 1860ஆம் ஆண்டு சாண்டிமேன் என்ற தணிக்கை அதிகாரி யோசனை சொன்னார். அதன் பிறகும் முப்பது ஆண்டுகள் ஓடின. பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரிப் பேராசிரியர் ஃபாரஸ்ட் கம்பெனி காலத்து ஆவணங்களை ஆராய்ந்தார். 1891 மார்ச் 11ஆம் நாள் கல்கத்தாவில் ஏகாதிபத்திய ஆவணத் துறை தொடங்கப்பட்டது. ஃபாரஸ்ட்டே அதன் முதல் பொறுப்பாளரானார்.

யாருக்காக இந்தத் துறை? மக்களுக்காகவா? இல்லை! ஆட்சி நடத்துகிறவருக்குப் பழைய கோப்பு வேண்டுமென்றால் உடனே எடுத்துத் தருவதற்காக! குடிமக்களுக்கு அந்தக் கதவு எளிதில் திறக்கவில்லை. தன்னைப் பற்றி ஆட்சி என்ன எழுதி வைத்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளும் உரிமை ஆளப்பட்டவனுக்கு இல்லை.

1911ஆம் ஆண்டு தலைநகர் மாற்றம் அறிவிக்கப்பட்டதும் ஆவணங்களும் டெல்லிக்குப் போக வேண்டியதாயிற்று. லுட்யன்ஸ் வகுத்த திட்டத்தில் இரண்டு பெரிய சாலைகள் சந்திக்கும் இடத்தில் நான்கு பெருங்கட்டடங்கள் இருந்தன. அவற்றில் கட்டி முடிக்கப்பட்டது ஆவணக் காப்பகம் ஒன்று மட்டுமே. 1926ல் புதிய கட்டடத்துக்குத் துறை மாறத் தொடங்கியது. கல்கத்தாவிலிருந்து எல்லா ஆவணங்களும் வந்து சேர 1937 ஆயிற்று.

இந்த மாபெரும் இடமாற்றத்தை நடத்தியவர் யார் தெரியுமா? 1922 முதல் 1938 வரை இத்துறையின் காப்பாளராக இருந்த ஏ.எஃப்.எம். அப்துல் அலீ! கட்டுக் கட்டாகக் காகிதங்களை எண்ணி, ஏற்றி, இறக்கி, அடுக்கி முடிக்கப் பத்தாண்டுகளுக்கு மேல் உழைத்தவர். நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? மேடையில் முழங்கியவர்களை நினைவில் வைக்கிறோம். ஓசையின்றி உழைத்தவர்களை மறந்து விடுகிறோம்.

1939ல் வரலாற்றாசிரியர் சுரேந்திரநாத் சென் பொறுப்பேற்ற பிறகுதான் ஆய்வாளர்களுக்குக் கதவு மெல்லத் திறந்தது. 1947ல் நாடு விடுதலை அடைந்தது. ஏகாதிபத்திய ஆவணத் துறை, தேசிய ஆவணக் காப்பகம் என்று பெயர் மாறியது.

எதிராகச் சேர்த்தது சாட்சியானது

அந்தக் கட்டடத்துக்குள் என்னதான் இருக்கிறது? ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறோம்.

1857 பெரும் புரட்சியில் டெல்லி நான்கு மாதங்கள் வெள்ளையன் கையை விட்டுப் போனது. செப்டம்பரில் நகரத்தை மீண்டும் பிடித்த ஆங்கிலேயர்கள் அரண்மனையிலும் புரட்சியாளர் முகாமிலும் கிடைத்த காகிதங்களைத் திரட்டினார்கள். எதற்கு? பேரரசர் பஹதூர் ஷா ஜஃபரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த! 1858ல் செங்கோட்டையிலேயே விசாரணை நடந்தது. முதியவரான பேரரசர் ரங்கூனுக்கு நாடு கடத்தப்பட்டார். 1862ல் அங்கேயே மறைந்தார்.

ஆனால் காகிதங்கள் மறையவில்லை! அவற்றில் படையின் கடிதங்கள் மட்டுமா இருந்தன? கோத்வாலின் உத்தரவுகள் இருந்தன. சிப்பாய்கள் கடையைக் கொள்ளையடிக்கிறார்கள் என்று முறையிட்ட வியாபாரிகளின் மனுக்கள் இருந்தன. முற்றுகையில் சிக்கிய ஒரு நகரத்தின் அன்றாட வாழ்க்கை முழுவதும் இருந்தது. 1921ல் இந்த ஆவணங்களின் பட்டியல் அச்சானது. அதன் பிறகும் அவற்றை ஊன்றிப் படித்தவர்கள் சிலரே. காரணம் என்ன? பெரும்பகுதி உருதுவிலும் பார்சியிலும், படிப்பதற்குக் கடினமான ஷிகஸ்தா கையெழுத்திலும் இருந்தன. 2006ல் வில்லியம் டால்ரிம்பிள் அவற்றை ஆதாரமாக வைத்துக் கடைசி முகலாயரைப் பற்றி நூல் எழுதினார். 2010ல் மஹ்மூத் ஃபாரூக்கி அவற்றில் ஒரு பகுதியை மொழிபெயர்த்து வெளியிட்டார். உலகமே திரும்பிப் பார்த்தது.

சிந்தித்துப் பாருங்கள்! ஒரு பேரரசருக்கு எதிராகச் சேர்க்கப்பட்ட காகிதமே, நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் அந்த மக்களுக்குச் சாட்சியாக எழுந்து நின்றது. காப்பாற்றப்பட்ட காகிதம், அதைச் சேர்த்தவனின் நோக்கத்துக்கு என்றைக்கும் கட்டுப்பட்டுக் கிடப்பதில்லை. எரிக்கப்பட்ட காகிதமோ யாருக்காகவும் பேசாது.

இது மட்டுமல்ல. முகலாயர் காலத்து ஆவணங்கள் ஒரு லட்சத்துக்கு மேல் அங்கே இருக்கின்றன. அவற்றைப் படிக்கப் பார்சி தெரிந்தவர்கள் வேண்டும். அந்த மொழியைப் படித்தால் வேலை கிடைக்குமா என்று கேட்டே நாம் அதைக் கைவிட்டோம். மொழி தெரியாதவனுக்குத் தாத்தாவின் உயிலும் வெற்றுக் காகிதம்தான்!

முத்திரையிட்ட 30 பக்கங்கள்

மௌலானா அபுல் கலாம் ஆசாத் விடுதலை இந்தியாவின் முதல் கல்வி அமைச்சர். அவருடைய அரசியல் நினைவுகளை ஹுமாயூன் கபீர் ஆங்கிலத்தில் எழுதினார். அதில் சுமார் 30 பக்கங்களை மௌலானா உடனே வெளியிட விரும்பவில்லை. அவை முத்திரையிடப்பட்டன. ஒரு பிரதி கல்கத்தா தேசிய நூலகத்துக்கும் மற்றொன்று டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்துக்கும் சென்றன. மௌலானா மறைந்தது 1958 பிப்ரவரி 22ல். மறைந்து 30 ஆண்டுகள் கழித்தே அந்தப் பக்கங்களைத் திறக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

30 ஆண்டுகளில் எத்தனை ஆட்சிகள் மாறின! எத்தனை பிரதமர்கள் வந்தார்கள், போனார்கள்! முத்திரை உடையவில்லை. 1988ல் தவணை முடிந்தது. நீதிமன்றம் வரை விவகாரம் சென்றது. இறுதியில் அந்த ஆண்டிலேயே முழு நூலும் வெளிவந்தது. பிரிவினையைப் பற்றியும் சக தலைவர்களைப் பற்றியும் மௌலானா எழுதியதை நாடு படித்தது. அவர் கருத்தை ஏற்பவர்களும் இருக்கிறார்கள், மறுப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு மனிதர் நம்பி ஒப்படைத்த அமானிதம் அப்படியே திருப்பித் தரப்பட்டது. ஆவணக் காப்பகம் என்றால் இதுதான் பொருள்.

சட்டம் இருக்கிறது, கோப்பு எங்கே?

1993ல் பொது ஆவணச் சட்டம் இயற்றப்பட்டது. மத்திய அரசின் ஒவ்வோர் அலுவலகமும் ஆவண அதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டும். விதிமுறைக்குப் புறம்பாக எந்த ஆவணத்தையும் அழிக்கக் கூடாது. 1892க்கு முற்பட்ட ஆவணங்களை, படிக்கவே முடியாதபடி சிதைந்து போனால் ஒழியத் தொடவே கூடாது. மீறினால் 5 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இரகசியம் என்று வகைப்படுத்தப்படாத 25 ஆண்டுக்கு மேற்பட்ட ஆவணங்கள் காப்பகத்துக்கு வந்து ஆய்வாளர்களின் பார்வைக்குத் திறக்கப்பட வேண்டும். எவ்வளவு அழகான சட்டம்!

நடைமுறை என்ன? 2022 டிசம்பரில் காப்பகத்தின் தலைமை இயக்குநரே வெளிப்படையாகச் சொன்னார்: 151 அமைச்சகங்களும் துறைகளும் இருக்க, 36 அமைச்சகங்கள், துறைகள் உட்பட 64 அமைப்புகளின் ஆவணங்களே காப்பகத்தில் உள்ளன. 1962, 1965, 1971 போர்களின் ஆவணங்கள் இல்லை. பசுமைப் புரட்சியின் ஆவணங்களும் இல்லை!

நாடு போரிட்டது, வென்றது, தோற்றது. அதன் கணக்கு நாட்டின் பேரேட்டில் இல்லை என்றால் இது என்ன நிர்வாகம்? உங்கள் கடைக் குமாஸ்தா இப்படிச் சொன்னால் மறுநாள் அவரைக் கல்லாப் பக்கம் விடுவீர்களா?

2021ல் மத்திய விஸ்டா திட்டத்தில் காப்பகத்தின் இணைப்புக் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது, உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் உள்ள அறிஞர்கள் கவலை தெரிவித்துப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். பழைய பாரம்பரியக் கட்டடத்தைத் தொட மாட்டோம், ஆவணங்களுக்கும் ஆபத்து வராது என்று அரசு உறுதி கூறியது. அந்த உறுதி காக்கப்படுகிறதா என்று கண்காணிக்க வேண்டியது குடிமக்களின் கடமை. குறிப்பிட்ட ஒரு சமுதாயத்தின் கவலை அல்ல இது.

இன்னொன்றையும் நினைவில் கொள்ளுங்கள். இந்த 1993ஆம் ஆண்டுச் சட்டம் மத்திய அரசையும் யூனியன் பிரதேசங்களையும்தான் கட்டுப்படுத்துகிறது. மாநிலங்களின் கோப்புகள் மாநிலங்களின் பொறுப்பு. அயோத்தி வழக்கு தொடர்பான 23 கோப்புகளைக் காணவில்லை என்று 2009ல் உத்தரப் பிரதேச அரசு உயர் நீதிமன்றத்தில் தெரிவித்ததை நாடு மறந்திருக்காது. கோப்பு தொலைவது குமாஸ்தாவின் கவனக்குறைவு என்று சொல்லி முடித்துவிடலாம். வழக்காடுகிறவனுக்கோ அது வாழ்வும் சாவும்!

நாம் என்ன செய்யப் போகிறோம்?

அரசைக் குறை சொல்வதோடு நம் கடமை முடிந்ததா? நம் ஊர்ப் பள்ளிவாசலின் பழைய தஃப்தர் எங்கே? நிக்காஹ் பதிவேடுகள் எந்த அலமாரியில் இருக்கின்றன? கரையான் எத்தனை பக்கம் தின்றது? நீண்டகாலப் பயன்பாட்டால் மட்டுமே ஒரு சொத்து வக்ஃபு ஆகும் என்ற வழியை, 2025ஆம் ஆண்டின் வக்ஃபு திருத்தச் சட்டம் இனி வருபவற்றுக்கு அடைத்துவிட்டது. இனி வாய்ச்சொல் செல்லாது. காகிதம்தான் பேசும். பத்திரத்தைத் தேடி அலைவதற்குப் பதில், இருப்பதை இன்றே பிரதி எடுத்து இரண்டு இடங்களில் வைப்பது எவ்வளவு எளிது!

இளைஞர்களே! தேசிய ஆவணக் காப்பகத்தின் ஆவணங்கள் 2015 முதல் 'அபிலேக் படல்' என்ற இணையத் தளத்தில் படிப்படியாக ஏற்றப்பட்டு வருகின்றன. கைப்பேசியில் வீணாகும் நேரத்தில் ஒரு மணி நேரத்தை அதற்கு ஒதுக்குங்கள். உங்கள் ஊரின் பெயரைத் தட்டிப் பாருங்கள். புதுச்சேரியில் இக்காப்பகத்தின் கிளை மையம் இருக்கிறது. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் 20 ஆண்டுக்கு முந்திய நிகழ்வுகள் குறித்த தகவல்களில் பெரும்பாலான தடைகளை நீக்குகிறது. கேட்கத் தெரிந்தவனுக்கே கிடைக்கும்.

வணிகப் பெருமக்களே! நீங்கள் பல மாணவர்களுக்குக் கல்வி உதவி தருகிறீர்கள். பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் தருவதில் ஒரு சிறு பங்கை வரலாறும் பார்சியும் ஆவணப் பராமரிப்பும் படிக்க விரும்பும் பிள்ளைக்குத் தாருங்கள். பத்து ஆண்டுகளில் ஒரே ஓர் அப்துல் அலீ உருவானாலும் அது வீண் செலவாகாது.

நம்மைப் பற்றி மற்றவர்கள் எழுதியதை மறுப்பதிலேயே நம் காலம் கழிகிறது. மறுப்புக்கு ஆதாரம் வேண்டும். ஆதாரம் காப்பகத்தில் இருக்கிறது. போய் எடுப்பது யார்? நீங்கள்தான்!