முதல் ஆட்டத்தைக் கொண்டு மதிப்பிடலாமா?



2010-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள். மறு ஆண்டு முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு அறிமுகமாகவிருந்த கே.எஸ்.எஸ்.ஆர். கலைத்திட்டத்திற்கான பயிற்சியின் பொருட்டுக் குவாந்தான் சென்றிருந்தேன். அறையை என்னுடன் பகிர்ந்துகொள்ளவிருந்த ஆசிரியர் வரவில்லை. எனவே, பொட்டலத்தில் வாங்கி வந்த மீ கோரேங்குடன் தொலைக்காட்சியின் முன் தனியே அமர்ந்தேன். ஜகார்த்தாவில் சுசுகி கிண்ணக் காற்பந்து இறுதியாட்டத்தின் இரண்டாவது சுற்று தொடங்கியது.

மூன்று நாள்களுக்கு முன் புக்கிட் ஜாலிலில் நடந்த முதல் சுற்றில் நம் அணி 3-0 என இந்தோனேசியாவை வென்றிருந்தது. ஆயினும் மனம் அமைதியடையவில்லை. அதே டிசம்பர் முதல் நாளன்று, அதே ஜகார்த்தா திடலில், இதே இந்தோனேசியாவிடம் 1-5 எனத் தோற்ற அணியல்லவா இது!

முற்பாதியில் இந்தோனேசியாவுக்குப் பெனால்டி கிடைத்தது. கோல் காவலர் கைருல் ஃபாமி அதைத் தடுத்தபோது என்னையறியாமல் எழுந்து கைதட்டினேன். திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் ஒருவருமில்லை. வீட்டில் இருந்திருந்தால் கூச்சலில் அந்த நொடி கரைந்து போயிருக்கும். தனிமையிலோ சிந்தனை வேறு திசையில் சென்றது. ஐந்து கோல்கள் வாங்கிய அன்றே இவ்வணியைப் ‘பயனற்றது’ என ஒதுக்கியிருந்தால் இன்றைய நாள் வந்திருக்குமா?

அப்பொழுது என் வகுப்பு மாணவன் ஒருவன் நினைவுக்கு வந்தான். ஐந்தாம் ஆண்டு பயின்ற அவன், எங்கள் பள்ளிக் காற்பந்து அணியின் சிறந்த ஆட்டக்காரன். அரையாண்டுத் தேர்வில் கணிதத்தில் தேறாததால் அவனை அணியிலிருந்து நீக்கினேன். பெற்றோரும் மகிழ்ந்து சம்மதித்தனர். விளையாட்டை நிறுத்தினால் படிப்பான் என்பது எங்கள் கணக்கு. ஆனால், ஆண்டிறுதியிலும் அவன் தேறவில்லை. பள்ளிக்கு வராத நாள்கள்தாம் பெருகின. அவன் ஒரு தேர்வில் தோற்றான். நானோ அவன் வெற்றிபெறும் ஒரே இடத்தையும் பறித்துக்கொண்டேன்.

பிற்பாதியில் சஃபி சாலி கோல் அடித்தார். பின்னர் இந்தோனேசியா இரண்டு கோல்கள் அடித்து அன்றைய ஆட்டத்தை 2-1 என வென்றது. எனினும் மொத்தக் கணக்கில் 4-2 என்று கிண்ணம் முதன்முறையாக நம் நாட்டுக்கு வந்தது. பயிற்றுநர் கே. ராஜகோபால் நம்மவர் என்பதில் எனக்குப் பெருமை. அதைவிடப் பெரிது, 2009 சீ விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இளைஞர்கள் பலரை நம்பி அவர் அணியை அமைத்தது. ஒரு தோல்விக்காக அந்த நம்பிக்கை கைவிடப்படவில்லை.

டிசம்பர் 31 பொது விடுமுறையாக அறிவிக்கப்பட்டது. நாடே கொண்டாடியது. நான் ஜனவரியில் பள்ளி திறந்ததும் அம்மாணவனை அழைத்து, மாலையில் காலணியுடன் திடலுக்கு வரச் சொன்னேன். அதன்பின் அவன் மதிப்பெண்கள் வானத்தைத் தொட்டன என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. ஆனால், அவன் நாள் தவறாமல் பள்ளிக்கு வந்தான். வந்தவனுக்குத்தானே கற்பிக்க முடியும்?

‘விளையாட்டா சோறு போடும்?’ எனப் பெற்றோர் கேட்பது எனக்குப் புரிகிறது. தோட்டத்தைவிட்டு வெளியேறப் படிப்பொன்றையே ஏணியாகக் கொண்ட சமுதாயம் நம்முடையது. அந்த அச்சம் நியாயமானது. நானும் படிப்பைக் குறைக்கச் சொல்லவில்லை. கணிதத்தில் பின்தங்கியவனுக்குக் கணிதத்தைக் கூடுதலாகக் கற்பிப்போம். திடலைப் பறிப்பது அதற்கு மருந்தாகாது.

யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் அகற்றப்பட்டது. ஆயினும் ஒரு தாளில் உள்ள எண்ணைக் கொண்டு பிள்ளையை அளக்கும் பழக்கம் நம்மைவிட்டு அகலவில்லை. இன்றும் மாலை நேரத் திடலுக்கு வரவேண்டிய பிள்ளைகள் சிலர் தண்டனையாக டியூஷன் வகுப்புக்கு அனுப்பப்படுவதைக் காண்கிறேன்.

முதல் ஆட்டத்தில் ஐந்து கோல் வாங்கிய பிள்ளை உங்கள் வீட்டிலும் இருக்கலாம், என் வகுப்பிலும் இருக்கலாம். அவனை அணியிலிருந்து நீக்குமுன் ஒருமுறை சிந்திப்போம்.