ஊதிய வரம்பும் ஆட்டக்களத்துச் சமநிலையும்

செல்வம் மிகுந்த அணி சிறந்த வீரர்களையெல்லாம் விலைக்கு வாங்கிவிடுமாயின், போட்டி தொடங்கும் முன்னரே அதன் முடிவு தெரிந்துவிடும். முடிவு தெரிந்த ஆட்டத்தைப் பணம் கொடுத்துக் காண எவரும் முன்வரார். இந்த அச்சத்தைப் போக்கவே அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்துச் சங்கம் 1984–85ஆம் பருவத்தில் ஊதிய வரம்பை நடைமுறைப்படுத்தியது. ஓர் அணி தன் வீரர்கள் அனைவருக்குமாகச் செலவிடும் ஊதியத்திற்கு அன்று விதிக்கப்பட்ட பொது எல்லை 36 இலட்சம் டாலர். நாற்பதாண்டுகளில் அத்தொகை 14 கோடி டாலரைக் கடந்துவிட்டது.

வரம்போடு ஒரு விலக்கும் பிறந்தது. தன்னிடம் ஆடிவரும் வீரரைத் தக்கவைத்துக்கொள்வதற்காக ஓர் அணி எல்லையைக் கடக்கலாம் என்பதே அது. பாஸ்டன் அணியின் லாரி பேர்டு பெயராலேயே இன்றும் அது வழங்கப்படுகிறது. வெளியிலிருந்து வாங்குவது வேறு, தன்னுடையதைக் காப்பது வேறு என்னும் தெளிவு அவ்விலக்கில் இருந்தது. பின்வந்த விதிகள் அத்தெளிவைப் படிப்படியாக இழந்தன.

வரம்பு வந்ததனால் மட்டும் சமநிலை வந்துவிடவில்லை. 1990களில் சிகாகோ அணி ஆறு முறை கோப்பையை வென்றது. களத்தில் ஐவர் மட்டுமே நிற்கும் ஆட்டத்தில் மைக்கேல் ஜோர்டன் போன்ற ஒருவர் ஓரணியில் இருந்தாலே தராசு சாய்ந்துவிடும். அதை எந்த விதியாலும் பங்கிட இயலாது. 1997இல் கெவின் கார்னெட் என்னும் இளம்வீரர் ஆறாண்டுகளுக்கு 12 கோடியே 60 இலட்சம் டாலர் பெற்றபோது உரிமையாளர்கள் மிரண்டனர். 1998–99 பருவம் கதவடைப்பால் 50 ஆட்டங்களாகச் சுருங்கியது. அதன் முடிவில் தனியொரு வீரரின் ஊதியத்திற்கும் உச்ச அளவு வகுக்கப்பட்டது. இங்கேதான் விதி தன் நோக்கத்திற்கே எதிராயிற்று. தலைசிறந்த வீரருக்கு அவர் தகுதிக்குரிய தொகையை எவரும் தரமுடியாது என்றானபின், அவர் பணத்தைப் பார்ப்பதைவிடக் கூட்டாளிகளைப் பார்ப்பது இயல்பே. 2010இல் லெப்ரான் ஜேம்ஸ், டுவைன் வேட், கிறிஸ் போஷ் ஆகிய மூவரும் உச்ச அளவினும் சற்றுக் குறைத்துப் பெற்றுக்கொண்டு மயாமியில் ஒன்றுகூடினர்.

ஆடம்பர வரி முதன்முதலில் 2002–03இல் விதிக்கப்பட்டது. ஊதிய வரம்பிற்கு மேலே வகுக்கப்பட்ட மற்றோர் எல்லையைத் தாண்டிச் செலவிடும் ஒவ்வொரு டாலருக்கும் ஒரு டாலர் வரி. 2011ஆம் ஆண்டின் ஒப்பந்தம் மிகைச்செலவு ஏறஏற வரிவிகிதமும் ஏறுமாறு செய்தது. வரிப்பணத்தின் ஒரு பகுதி எல்லைக்குள் நின்ற அணிகளுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது. கைகட்டி இருப்பதற்கும் ஒரு கூலி!

இவ்வரியின் சுமையைப் பெருநகரங்களைவிடச் சிறுநகரங்களே மிகுதியாக உணர்ந்தன. ஓக்லஹோமா நகர அணி, புதுவீரர் தேர்வின் வழியே தானே தெரிந்தெடுத்த கெவின் டுரான்ட், ரஸல் வெஸ்ட்புரூக், ஜேம்ஸ் ஹார்டன் ஆகியோரைக் கொண்டு 2012இல் இறுதிப்போட்டியை எட்டியது. அவ்வாண்டு அக்டோபரிலேயே, புதிய ஒப்பந்தத்தின் செலவுக்கு அஞ்சி, ஹார்டனை ஹூஸ்டனுக்குக் கொடுத்துவிட்டது. 2018இல் அவர் ஆண்டின் மதிப்புமிக்க வீரராக விருது பெற்றபோதும் ஹூஸ்டனிலேயே இருந்தார்.

2023ஆம் ஆண்டின் ஒப்பந்தம் இன்னும் கடியது. வரி எல்லைக்கும் மேலே ஒரு கோடு வரைந்து, அதைத் தாண்டும் அணி வீரர் பரிமாற்றத்தில் பலரின் ஊதியத்தை ஒன்றுசேர்த்துக் கணக்கிடவும் அது தடைவிதித்தது. 2019 முதல் 2025 வரை ஏழு ஆண்டுகளில் ஏழு வெவ்வேறு அணிகள் வாகை சூடியுள்ளன என்பது மறுக்கவியலாத உண்மை. எனினும், 2024இல் வென்ற பாஸ்டன் அணி மறுகோடையிலேயே ஜ்ரூ ஹாலிடேயையும் கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸையும் விட்டுக்கொடுத்தது. ஜேசன் டேட்டமின் காயமும் ஒரு காரணமாயினும், அக்கோட்டிற்குக் கீழே இறங்கவேண்டிய கட்டாயமே முதன்மையானது. வென்ற அணி தோற்றுக் கலைவது ஆட்டம். கணக்கேட்டால் கலைவது ஆட்டமாகாது.

தான் தேர்ந்தெடுத்து வளர்த்த வீரரின் ஊதியத்தில் ஒரு பாதியை மட்டுமே வரிக்கணக்கில் சேர்ப்பது நேரிய தீர்வாகும். நல்வாய்ப்புப் பெற்ற அணிகள் நிலையாக ஆதிக்கம் செலுத்திவிடும் என்று இதனை மறுப்போர் கூறுவர். ஆனால், புதுவீரர் தேர்வில் பின்தங்கிய அணிகளுக்கே முன்னுரிமை உண்டு. மேலும், டென்வர் அணி 2014இல் நிக்கோலா யோகிச்சைத் தேர்ந்தெடுத்தது 41ஆவது இடத்தில். அதற்கு முன் நாற்பது தேர்வுகளிலும் அவர் பெயர் அழைக்கப்படவில்லை. கண்டறியும் கூர்மைக்குப் பெருநகரம் தேவையில்லை. ஐந்து கோப்பைகள் வென்ற சான் அன்டோனியோவே சான்று.

ஓக்லஹோமா நகரம் தன் முதற்கோப்பைக்கு 2025 வரை காத்திருந்தது. அவ்வெற்றியின் தூண்களான ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டர், ஜேலன் வில்லியம்ஸ், செட் ஹோல்ம்கிரன் மூவரும் அக்கோடையிலேயே பெருந்தொகைக்கு ஒப்பந்தங்களை நீட்டித்தனர். அவ்வூதியங்கள் முழுமையாக நடைமுறைக்கு வரும் நாளில், 2012இல் போட்ட அதே கணக்கை அந்நகரம் மீண்டும் போட்டாக வேண்டும்.