குழாயில் சுடுதண்ணீர் வந்தால்தான் வேலை முடிந்தது

கோவையில் மார்கழி விடியற்காலையில் பச்சைத்தண்ணீர் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் மனைவிக்கு மூட்டுவலி. அவளுக்காகத்தான் ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் கொஞ்சம் எடுத்து, மொட்டைமாடியில் 200 லிட்டர் சோலார் ஹீட்டர் வைத்தோம். பொருத்த வந்தவர்கள் பொழுது சாயும் நேரத்தில் வேலையை முடித்து, முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அந்த நேரத்தில் தண்ணீர் சூடாகியிருக்கவே முடியாது என்பது எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் கீழ்க் குளியலறையில் வந்தது வெதுவெதுப்பான தண்ணீர்தான். அதற்கடுத்த நாளும் அப்படியே. போன் செய்தால், "மேகமா இருக்குதுங்க சார்" என்றார்கள். வெயில் பளிச்சென்று அடித்த நாளிலும் அதே பதில். பிறகு ஒரு பையன் வந்து பார்த்துவிட்டு, கண்ணாடி டியூப் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்றான். வெற்றிடம் போன டியூபின் அடியில் வெள்ளிபோல் மின்னும் பூச்சு வெளுத்துவிடும் என்று எங்கோ படித்திருந்தேன். குனிந்து பார்த்தேன். எல்லாம் மினுமினுவென்று இருந்தன. வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

இப்படியே மூன்று வாரம் போயிற்று. அடுப்பில் வெந்நீர் வைத்து, வலிக்கும் காலோடு என் மனைவி பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. ஒருநாள் வழியில் கொஞ்சம் சிந்தி, வழுக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கே எங்கள் தெருவில் பல வருடமாக வேலை பார்க்கும் வயதான பிளம்பரைக் கூப்பிட்டேன்.

அவர் டியூபைத் தொடவே இல்லை. ஹீட்டருக்குள் பச்சைத்தண்ணீர் போகும் வால்வை மூடினார். கீழே வந்து சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தார். கொஞ்ச நேரத்தில் நிற்க வேண்டிய தண்ணீர் நிற்கவில்லை, ஜில்லென்று வந்துகொண்டே இருந்தது. "ஹீட்டருக்குப் போற வழியை அடைச்சாச்சு. அப்புறம் இது எங்கிருந்து வருதுங்க?" என்று கேட்டுவிட்டு, நேராக மாடிக் குளியலறைக்குப் போனார். அங்கே மிக்ஸரில் இரண்டு திருகும் திறந்திருந்தன. ஹேண்ட் ஷவரின் நுனியில் மட்டும் மூடி வைத்திருந்தது. அதன் வழியாகப் பச்சைத்தண்ணீர் சுடுதண்ணீர்க் குழாய்க்குள் புகுந்து கீழே வந்திருக்கிறது.

அப்படி மூடி வைப்பது யார் பழக்கம்? என்னுடையதுதான்! இரண்டு திருகையும் இறுக்கி மூடினோம். மறுநாள் காலை கை வைக்க முடியாத சூட்டில் வந்தது. டியூப் மாற்றச் சொன்ன அந்தப் பையனைக் கொஞ்சம் கடுமையாகவே பேசியிருந்தேன். போன் செய்து வருத்தம் தெரிவித்தேன். அவனுக்கும் யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

தப்பு என் கையில்தான். ஆனாலும் ஒன்று சொல்வேன். பொருத்தியவர்கள் மறுநாள் காலை ஒரு அரைமணி நேரம் வந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அவர்களுக்கு நாளைக்கு நாலு வீடு, நேரம் எங்கே என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் அந்த அரைமணிக்கும் சேர்த்துத்தானே காசு கொடுக்கிறோம்?

ஆகவே என் வயதுக்காரர்களுக்குச் சொல்கிறேன். கடைசித் தவணையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் வெயில் காய்ந்து, மறுநாள் காலை ஒவ்வொரு குழாயையும் அவர்கள் முன்னாலேயே திறந்து பார்த்த பிறகு கொடுங்கள். எந்த வால்வு எதற்கு, எதை மூடவே கூடாது என்று கேட்டு, ஒரு தாளில் எழுதி ஒட்டி வையுங்கள். ஹீட்டரின் மேலே காற்றுப் போக நிற்கும் குழாயை, தண்ணீர் சொட்டுகிறது என்று யாரும் அடைத்துவிடக் கூடாது. இந்த வயதில் இதையெல்லாம் கேட்பதா என்று கூச்சப்படாதீர்கள். கூச்சப்பட்டு நான் கேட்காமல் விட்டதற்கு, மூன்று வாரம் பாத்திரம் தூக்கியது அவள்.

மாடி மிக்ஸருக்கு மேலே இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: "இரண்டையும் மூடவும்." என் மனைவியின் கையெழுத்து.