பொறுக்கி எடுப்பதா, பொதுவில் கொடுப்பதா?



கோடீசுவரக் குடும்பங்கள் அறக்கட்டளை அமைக்கின்றன. ஏழைப் பிள்ளைகளைப் படிக்க வைக்கின்றன. கேட்டு முகம் சுளிப்பவர்கள் அல்ல நாம். பொன்னைப் பெட்டியிலே பூட்டுவோனைவிடப் பள்ளிக்கு எடுத்துத் தருவோன் பன்மடங்கு மேல், மறுப்பார் இல்லை. ஆனால், பாராட்டிக் கைதட்டியதோடு நம் கடமை தீர்ந்ததா? கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறதே!

சிவ நாடாரை அறியாதார் யார்? 1945-இல் தூத்துக்குடிச் சீமையின் மூலைப்பொழி எனும் சிற்றூரிலே பிறந்தார். 1976-இல் தோழர்கள் சிலரோடு எச்.சி.எல். நிறுவனத்தைத் தொடங்கினார். செல்வம் குவிந்தது. 1994-இல் அறக்கட்டளை கண்டார். 1996-இல் தந்தையார் பெயரால் சென்னையை அடுத்துப் பொறியியல் கல்லூரி எழுப்பினார். 2009-இல் உத்தரப் பிரதேசத்துப் புலந்த்சகரிலே 'வித்யாஞான்' பள்ளி எழுந்தது. நாட்டுப்புற ஏழைப் பிள்ளைகளுக்கு உணவு, உறைவிடம், படிப்பு அத்தனையும் இலவசம். அந்தப் பணியை முன்னின்று வளர்த்தவர் அவருடைய மகள் ரோஷ்ணி. தந்தை தேடினார், மகள் பயனுறச் செலவிடுகிறார். நல்லது, வாழட்டும்!

ஆனால், வாரி வழங்கிய அந்தக் கை எங்கே எழுதிப் பழகியது? அவர் படித்த பள்ளிகளிலே ஒன்று நமது மதுரையில் இருக்கிறது. இளங்கோ மாநகராட்சி மேல்நிலைப் பள்ளி என்று அதற்கு இன்று பெயர். அவர் படித்த நாளில் மதுரை வெறும் நகராட்சிதான். மாநகராட்சி ஆனது 1971-இல். அந்தப் பள்ளியை நடத்தியது யார் பணம்? ஆலைச் சங்கு கேட்டு எழுந்த ஹார்வி மில் தொழிலாளியின் பணம். தறிக்குழியிலே கால் வைத்த நெசவாளியின் பணம். கீழமாசி வீதியிலே மூட்டை சுமந்தவனின் பணம். ஊரார் கொடுத்த வரி! பெயர்ப்பலகை இல்லாத அந்த அறக்கட்டளைதான் முதலில் கொடுத்தது. பின்னால் வந்த அறக்கட்டளைகள் அதன் பிள்ளைகள்.

இரண்டுக்கும் வேறுபாடு எங்கே? வித்யாஞான் தேர்வு வைக்கிறது. ஊரிலே கெட்டிக்காரப் பிள்ளையைத் தேடி எடுக்கிறது. அது அதன் முறை. தேர்வெழுதுவோர் பல்லாயிரவர், இடம் பெறுவோர் சிலநூறு பேர். வென்ற பிள்ளை வாழ்ந்தது, மகிழ்வோம். தோற்ற பிள்ளை? அதுவும் ஒரு தாய் பெற்றதுதானே! அந்தப் பிள்ளைக்கு எந்தக் கதவு? தேர்வு கேட்காத, குலம் கேட்காத, கும்பிடு கேட்காத கதவு ஒன்றுதான்: பொதுப்பள்ளி!

அந்தக் கதவு தானாகத் திறந்ததா? 1920-இல், தியாகராயர் தலைமையிலே சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியிலே பிள்ளைகளுக்குச் சோறிட்டது. 1956-இல் காமராசர் மதிய உணவு தந்தார், 1982-இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவாக விரித்தார். 2022 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளன்று, நம் மதுரை நெல்பேட்டை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியிலே காலை உணவுத் திட்டம் தொடங்கிற்று. முதற்கட்டத்திலேயே 1,545 பள்ளிகள், 1,14,095 பிள்ளைகள்! எந்தச் சீமான் வீட்டு அறக்கட்டளை, 'நீ கெட்டிக்காரனா?' என்று கேளாமல், இத்தனை பேருக்கு ஒரே திட்டத்திலே இலையிட்டது? கருணை கணக்குப் பார்க்கும்; உரிமை பந்தி போடும்.

'அப்படியானால் தனியார் கொடையே வேண்டாமா?' என்பர் சிலர். வேண்டும்! எப்படிக் கொடுப்பது என்பதைக் காட்டிவிட்டார் ஒரு வங்கி ஊழியர். மதுரை ஒத்தக்கடையை அடுத்த கொடிக்குளம், ஆயி என்கிற பூரணம் அம்மாள். 2024 சனவரியிலே, பல கோடி பெறும் 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை அவ்வூர் அரசுப் பள்ளிக்கே எழுதித் தந்தார், பள்ளி உயர்நிலைப் பள்ளியாக உயர வேண்டும் என்று. கேட்டது ஒன்றே: இறந்துபோன மகள் ஜனனியின் பெயர். பெற்ற மகளை இழந்தவர், ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரையும் பிள்ளைகளாக்கிக்கொண்டார். அந்த நிலத்திலே கால் வைக்க நுழைவுத் தேர்வு கிடையாது!

செல்வர்களே, கொடுங்கள்! ஆனால் பொறுக்கி எடுத்துக் கொடுப்பதோடு நில்லாதீர்கள், பொதுவிலே கொடுங்கள். கூரை இல்லாத வகுப்புக்குக் கூரை, ஆய்வுக்கூடம் இல்லாத பள்ளிக்கு ஆய்வுக்கூடம், பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை. அது போதும், உங்கள் பெயர் நிற்கும்.

கழகத் தோழனே, உனக்கும் உண்டு வேலை. உன் வட்டத்துப் பள்ளியின் மேலாண்மைக் குழு கூடும் நாளில் நீ எங்கே இருக்கிறாய்? ஆசிரியர் இடம் காலியா, குழாயிலே தண்ணீர் வருகிறதா என்று போய்ப் பார்த்தாயா? கொடி கட்டும் கை, பள்ளிச் சுவருக்குச் சுண்ணாம்பும் அடிக்கட்டும். சீமான் மனம் இரங்கினால் சிலர் படிப்பர். நீ விழித்திருந்தால் எல்லோரும் படிப்பர்!