உப்புக் கதையும் விண்கலமும்

மரபுக் கதைகளை விண்கலத்திலும் அயற்கோளிலும் நிகழ்வனவாக மாற்றி எழுதும் முயற்சியைக் கண்டு, பாட்டிமார் வாய்வழி வந்த செல்வத்தை இயந்திரத்துக்குப் பலியிடுகிறார்களே என்று வருந்தும் அபிப்பிராயம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. அவ்வருத்தத்தின் அடியில் உள்ள அன்பு மதிக்கத்தக்கதே. ஆயினும் அதற்கு ஆதாரமாகக் கூறப்படும் காரணங்கள் மூன்றும் பரிசீலனையில் நிலைப்பவை அல்ல என்பதே என் துணிபு.

கதையின் பழைய உருவத்தைத் தொடலாகாது என்பது முதற்காரணம். வான்மீகியின் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்கிச் செல்ல, கம்பரின் இராவணனோ பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்துச் செல்கிறான். அந்த மாற்றத்தால் இராமகாதை குறைந்துவிட்டதாக எந்த ரசிகரும் சொன்னதில்லை. 1943-இல் புதுமைப்பித்தன் எழுதிய ‘சாப விமோசனம்’ கதையில், சீதையை இராமன் அக்கினிப் பிரவேசம் செய்யச் சொன்னான் என்று கேட்ட அகலிகை மீண்டும் கல்லாகிறாள். அந்தக் கதையைப் படித்தவர் பழைய அகலிகையை மறப்பதில்லை. முன்னிலும் கூர்ந்து நினைக்கிறார்.

மந்திரத்துக்கும் இயந்திரத்துக்கும் உறவில்லை என்பது இரண்டாவது காரணம். சீவக சிந்தாமணியில், பகை சூழ்ந்த அரண்மனையிலிருந்து கருவுற்ற விசயையைத் தப்புவிப்பது தெய்வமன்று, அவள் கணவனான மன்னன் சச்சந்தன் செய்வித்த மயிற்பொறி. பொறியை வலமாகத் திருப்பினால் அது எழும்பும், இடமாகத் திருப்பினால் இறங்கும் என்று கருவியின் இயக்கத்தையே திருத்தக்கதேவர் வருணிக்கிறார். நம் காவிய மரபு இயந்திரத்தை அற்புதத்தின் பகையாகக் கருதியதில்லை.

மண்ணைவிட்டுப் பெயர்த்தால் கதையின் ஜீவன் போய்விடும் என்பது மூன்றாவது காரணம். மூன்றிலும் இதுவே கனமானது. தந்தையை உப்பைப் போல் நேசிப்பதாகச் சொன்னதற்காக நாடு கடத்தப்பட்ட இளவரசியின் கதையை எடுத்துக்கொள்வோம். பாத்தி பாத்தியாக உவர்நீரைப் பாய்ச்சி, வெயிலும் காற்றும் அதைச் சுண்டவைக்கக் காத்திருந்து, கசப்பு நீர் கலந்துவிடாமல் பதமறிந்து உப்பை வாரி, வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் தொழிலை நிறுத்தும் மரக்காணத்து உப்பளத் தொழிலாளிக்கு அவள் சொல்லின் கனத்தை எவரும் விளக்க வேண்டியதில்லை. அதே கதையை விண்கலத்துக்குக் கொண்டு செல்லுங்கள். அங்கே உப்புத்தூள் மிதந்து கருவிகளுக்குள் புகும் என்பதால் உப்பை நீரில் கரைத்துத் துளித்துளியாக உணவில் விடுகிறார்கள். நாக்கோ சுவை மங்கிக் காரசாரத்துக்கு ஏங்குகிறது. எடையற்ற நிலையில் தேயும் எலும்பை மிகையான உப்பு மேலும் தேய்க்கிறது. அந்தக் கலத்தின் தலைவனிடம் மகள் ‘உப்பைப் போல்’ என்றால், இன்றியமையாததும் அளவு மீறினால் அழிப்பதுமான அன்பு என்று அதற்குப் பொருள் விரிகிறது. மண் மாறியதால் ஜீவன் போகவில்லை. கதைக்குள் உறங்கிய கேள்வி ஒன்று விழித்துக்கொண்டது.

அரண்மனை என்ற இடத்தில் விண்கலம் என்று எழுதிவிட்டு வேறெதையும் மாற்றாத வெறும் வேஷமாற்றத்துக்கு நான் பரிந்து பேசவில்லை. 2012-இல் வெளிவந்த மரிஸ்ஸா மேயரின் ‘சிண்டர்’ நாவலில் சிண்ட்ரெல்லா இழப்பது செருப்பை அன்று, தன் இயந்திரக் காலையே. மாற்றாந்தாயின் வெறுப்பு அங்கே, பாதி இயந்திரமான ஒருத்தி மனுஷிதானா என்னும் விவாதமாக வளர்கிறது. புதிய களத்தின் நியதி பழைய கதையின் முடிச்சை இவ்விதம் இறுக்க வேண்டும். அதைச் செய்ய வல்ல எழுத்தாளர் நம் மரபின் வாரிசே ஆவார், அவரைத் தடுப்பதால் அம்மரபுக்குத்தான் நஷ்டம்.