அகதிகளைப் பற்றிய படம் போதும், அகதிகளுக்கான படம் எங்கே?

2025 மே 1 அன்று ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ வெளியானது. இலங்கையின் பொருளாதார நெருக்கடிக்குத் தப்பிப் படகேறி ராமேசுவரத்தில் வந்திறங்கும் ஒரு குடும்பத்தை, ஒரு காவலர் மனமிரங்கி விட்டுவிடுகிறார். அவர்கள் சென்னையில் ஒரு தெருவில் வாடகைக்குக் குடியேறி, அந்தத் தெருவின் அன்பையே சம்பாதித்துவிடுகிறார்கள். திரையரங்குகள் நிறைந்தன. தமிழர்கள் அழுதார்கள்.

அதே மாதம் 19-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் வேறொரு காட்சி. தண்டனைக் காலம் முடிந்த பின்னும் தடுப்பில் இருந்த ஒரு இலங்கைத் தமிழர், தன்னை நாடு கடத்த வேண்டாம் என்று கேட்டு வந்திருந்தார். உலகம் முழுவதிலிருந்தும் வரும் அகதிகளை வரவேற்க இந்தியா என்ன தர்ம சத்திரமா என்று கேட்டு, நீதிபதிகள் அவர் மனுவைத் தள்ளினார்கள்.

முதல் காட்சிக்கு அழுதவர்களில் எத்தனை பேர் இரண்டாவது காட்சிக்குக் குரல் கொடுத்தார்கள்? அந்தப் படத்தை நான் குறை சொல்லவில்லை. அது தன் வேலையைச் செய்தது. ‘நந்தா’, ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ தொடங்கித் தமிழ் சினிமா இருபத்தைந்து ஆண்டுகளாக அகதியை நமக்குக் காட்டிக்கொண்டேதான் இருக்கிறது. ஆனால் அகதிக்கு அது எதையாவது காட்டியதுண்டா? முகாமில் இருக்கும் ஒரு பெண், தன் வாழ்க்கைக்கு உதவும் ஒரே ஒரு தகவலையாவது இந்தப் படங்களிலிருந்து தெரிந்துகொண்டதுண்டா? இதுதான் என் கேள்வி.

பத்து நிமிடப் படம் ஒன்று

என்ன தகவல் என்று கேட்பீர்கள். ஒன்றைச் சொல்கிறேன்.

இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 3-ஆவது பிரிவுப்படி, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்புவரை இந்திய மண்ணில் பிறந்த எவரும் பிறப்பால் இந்தியக் குடிமக்கள். பெற்றோர் எந்த நாட்டவர் என்ற கேள்வியே அதில் இல்லை. 1983 கலவரத்துக்குப் பிறகு படகேறி வந்தவர்களுக்கு இங்கே முகாமில் பிறந்த முதல் பிள்ளைகள் பலர் இந்தக் காலக்கெடுவுக்குள் வருகிறார்கள். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், தனக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டதை எதிர்த்து உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார். 2022-இல் வென்றார். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் முதன்முறையாக வாக்களித்தார். தமிழக முகாம்வாசிகளில் வாக்களித்த முதல் ஆள் என்று செய்தித்தாள்கள் எழுதின.

அவர் பிறக்கும்போதே இந்தச் சட்டம் இருந்தது. முப்பத்தாறு ஆண்டுகள் அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. இப்போதும் அவரைப் போன்றவர்களுக்கு எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள்? இது தாயோடு முடியும் சங்கதியும் அல்ல. தாய் பிறப்பால் குடிமகள் என்று ஆகிவிட்டால், 2004 டிசம்பர் 3-க்கு முன் இங்கே பிறந்த அவருடைய பிள்ளைகளும் அதே சட்டப்படி உரிமை கோர முடியும்.

இன்னும் இருக்கிறது. மலையகத்திலிருந்து வந்த இந்திய வம்சாவளியினரைச் சட்டவிரோதக் குடியேறிகளாகப் பார்க்கக் கூடாது, அவர்களின் குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்க வேண்டும் என்று 2019 ஜூனில் மதுரைக் கிளை சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானோடு நின்றுகொண்டது. இலங்கை அதில் இல்லை. 2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு, 2015 ஜனவரி 9 வரை வந்து அகதியாகப் பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமல் இருப்பதற்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. தண்டனை இல்லை என்றால் குடியுரிமை உண்டு என்று பொருளா? இல்லை. ஆனால் ‘எல்லாருக்கும் குடியுரிமை கொடுத்துட்டாங்களாம்’ என்று வாட்ஸ்அப்பில் பரவ ஒரு நாள் போதும். அதை வைத்துக் காசு பார்க்கத் தரகருக்கு இரண்டு நாள் போதும்.

இவை அனைத்தையும் பத்து நிமிடப் படத்தில், முகாம் மக்கள் பேசும் தமிழில், அவர்களில் ஒருவரே சொல்ல முடியும். எந்தக் காகிதம், எந்த அலுவலகம், எவ்வளவு கட்டணம், மறுத்தால் எங்கே போவது என்று. அப்படி ஒரு படம் நூற்றெட்டு முகாம்களையும் சுற்றியிருக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்ட கணக்குப்படி, 108 முகாம்களில் 58,822 பேர் இருந்தார்கள். முகாமுக்கு வெளியே காவல் நிலையப் பதிவோடு இருந்தவர்கள் 34,087 பேர். ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியதும் அப்போதுதான். பலகையில் பெயர் மாறியது நல்லது. உள்ளே இருப்பவருக்குத் தன் உரிமை தெரிவதும் அந்த மறுவாழ்வில் சேர்த்திதானே?

முகாமில் யார் இருக்கிறார்கள்?

இங்கேதான் சாதி வருகிறது. நம் இனமானப் பேச்சாளர்களுக்கு இந்த இடத்தில் காது கேட்பதில்லை.

‘தொப்புள்கொடி உறவு’ என்ற ஒற்றைச் சொல்லால் எல்லா அகதியையும் ஒரே அகதியாக்கிவிட்டோம். நிலமும் படிப்பும் வெளிநாட்டில் உறவும் இருந்தவர்கள் கனடாவுக்கும் லண்டனுக்கும் போனார்கள். விமானத்துக்குக் காசில்லாதவர்கள் மன்னாரிலிருந்து படகேறி மண்டபத்துக்கு வந்தார்கள். அவர்களில் பல்லாயிரம் பேர் மலையகத் தமிழர்கள். 1977-லும் 1983-லும் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்டு வன்னிக்குப் போய், அங்கிருந்தும் போர் விரட்ட இங்கே வந்தவர்கள். அந்த மலையகத் தமிழர்களில் பெரும்பான்மையினர் பறையர், பள்ளர், அருந்ததியர்.

அவர்கள் இலங்கைக்கு எப்படிப் போனார்கள்? சாதியும் பஞ்சமும் துரத்த, கங்காணி கொடுத்த முன்பணத்தில் கட்டுண்டு போனார்கள். போகும் வழியில் அவர்களை நிறுத்தி, நோய் இருக்கிறதா என்று பார்த்துக் கப்பலேற்றிய இடம் மண்டபம் முகாம். இலங்கை அரசு தோட்டக் கூலிகளுக்காக அங்கே நடத்திய தனிமைப்படுத்தும் முகாம் அது. 1948-இல் இலங்கை அவர்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து, 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு, மீதியைப் பிறகு பார்ப்போம் என்று பிரித்துக்கொண்டார்கள். பிரிக்கப்பட்டவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கொள்ளுத்தாத்தாவைக் கூலியாக அனுப்பிய அதே மண்டபத்தில் கொள்ளுப்பேத்தி அகதியாகப் பெயர் கொடுக்கிறாள். இதைவிடப் பெரிய கதை தமிழ் சினிமாவுக்கு வேண்டுமா? ஆனால் எடுக்க மாட்டார்கள். எடுத்தால் அகதியின் ஊரைக் கேட்க வேண்டும், ஊரைக் கேட்டால் சேரியைச் சொல்ல வேண்டும்.

ஏலமலையிலிருந்து பார்த்தால்

போடிநாயக்கனூர்க்காரனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். நான் தோட்டத் தொழிலாளர் புலப்பெயர்வைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். என் அம்மா முப்பது ஆண்டுகள் விடியற்காலை ஜீப்பில் போடிமெட்டு ஏறி ஏலக்காய் எடுத்தவர். இலங்கைக்குக் கங்காணி கூட்டிப்போன அதே சாதிகளைத்தான் இந்த மலைக்கும் கூட்டிப்போனார்கள். ஒரு கூட்டத்துக்கு நடுவில் கடல் வந்தது, இன்னொரு கூட்டத்துக்கு நடுவில் 1956-இல் மாநில எல்லை வந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

அந்த எல்லை என்ன செய்யும் என்பதை 2011 டிசம்பரில் பார்த்தோம். முல்லைப்பெரியாறு பிரச்சினை முற்றியபோது, இடுக்கித் தோட்டங்களில் இருந்த தமிழ்த் தொழிலாளர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காட்டுப்பாதையில் தேவாரம், போடி பக்கம் இறங்கினார்கள். தொலைக்காட்சிக் கேமராக்கள் அடிவாரத்தில் நின்றன. அழுத முகங்கள் மாலைச் செய்தியில் வந்தன. விட்டுவந்த கூலிப் பாக்கியை எப்படிக் கேட்பது, பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, திரும்பிப் போனால் பாதுகாப்பு யார் என்பதையெல்லாம் அவர்களுக்குச் சொல்ல எந்தக் கேமராவும் வரவில்லை. அழுகை தீர்ந்ததும் கேமராவும் மலையிறங்கிவிட்டது.

இந்தச் சரிவுகளின் நிலமற்ற வாழ்க்கையை ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ (2018) நேர்மையாகச் சொன்னது. அந்தப் படத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு நல்ல படம் வந்துவிட்டதால் வேலை முடிந்துவிட்டது என்று கைகட்டிக்கொள்ள முடியாது.

கலையை எடுத்துக்கொண்டு மக்களிடம் போவது இந்த மலைக்குப் புதிதும் அல்ல. 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் தோட்டம் தோட்டமாக ஏறிப் பாடினார். தெரிந்த மெட்டில், தெரிந்த மொழியில், தொழிலாளிக்குத் தெரியாத அரசியலைச் சொன்னார். ரோசம்மா புன்னூஸ் வென்றார். ஆர்மோனியத்தைத் தோளில் தூக்கிப்போன தலைமுறைக்கு இருந்த துணிச்சல், புரொஜெக்டரைப் பையில் வைத்திருக்கும் நமக்கு ஏன் இல்லை?

யாருடைய கோணம்?

வேறு இடங்களில் செய்து காட்டியிருக்கிறார்கள். 1999-இல் கொசோவோ அகதிகளுக்காக மாசிடோனிய முகாம்களில் திரை கட்டிய ‘ஃபிலிம்எய்டு’ அமைப்பு, பிறகு கென்யாவின் ககுமா, தாதாப் முகாம்களுக்குப் போனது. திறந்தவெளியில் நோய்த்தடுப்பு பற்றியும் உரிமைகள் பற்றியும் படம் காட்டியது. அங்குள்ள இளைஞர்களுக்கே கேமரா கற்றுக்கொடுத்தது. கனடாவின் ஃபோகோ தீவு மீனவர்களை அரசு இடம்பெயர்க்க நினைத்தபோது, 1967-இல் அவர்களைப் பேசவைத்துப் படம் எடுத்து, அவர்களுக்கே முதலில் போட்டுக் காட்டி, பிறகு அமைச்சர்களுக்குக் காட்டினார்கள். அந்த மக்கள் தீவைவிட்டுப் போகவில்லை.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். தெலங்கானாவின் பஸ்தாபூரில் தக்காண வளர்ச்சிச் சங்கத்தின் தலித் பெண்கள், பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் படம் எடுக்கிறார்கள். கேமராக் கோணங்களுக்கு அவர்களே பெயர் வைத்தார்கள். மேலிருந்து கீழே பார்ப்பது ‘பட்டேல் ஷாட்’. கீழிருந்து அண்ணாந்து பார்ப்பது ‘அடிமை ஷாட்’. கண்ணுக்கு நேராகப் பார்ப்பது ‘சங்கம் ஷாட்’. எந்தத் திரைப்படக் கல்லூரியும் சாதியை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லித்தந்ததில்லை. இந்த அளவுகோலை வைத்துப் பாருங்கள். தமிழ் சினிமா அகதியை எடுத்ததில் பெரும்பகுதி பட்டேல் ஷாட். விதிவிலக்குகள் உண்டு. தனுஷ்கோடியின் மீனவர்களையும் அகதிகளையுமே நடிக்கவைத்த ‘செங்கடல்’ அவற்றில் ஒன்று. அதற்குத் தணிக்கைச் சான்று வாங்கத் தீர்ப்பாயம் வரை போக வேண்டியிருந்தது.

எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது, யூடியூப் இருக்கிறது, பிறகு திரை எதற்கு என்கிறார்கள் சிலர். செல்போனில் தனியாகப் பார்ப்பவருக்குச் சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பார்? தரகரிடம்தான். முற்றத்தில் ஐம்பது பேர் சேர்ந்து பார்த்தால், ‘தம்பி, நான் எண்பத்தஞ்சுல பிறந்தவ, இது எனக்கும் பொருந்துமா?’ என்று ஒரு அக்கா எழுந்து கேட்பார். அந்தக் கேள்விக்காகத்தான் படம். படம் அந்தக் கேள்வியை எழுப்பியவுடன் அதன் வேலை பாதி முடிந்தது.

அரசுகளுக்கு இது நன்றாகத் தெரியும். படகில் வராதே, ஆஸ்திரேலியா உன் வீடாகாது என்று 2014-இல் அந்நாட்டு அரசு எடுத்த காணொளி தமிழிலும் வந்தது. 2016-இல் அகதிகளைப் பயமுறுத்தவே கோடிக்கணக்கில் செலவழித்து ஒரு முழுநீளப் படமே எடுத்தார்கள். விரட்டுவதற்குப் படம் பயன்படும் என்று அவர்கள் நம்புகிறார்கள். உரிமையைச் சொல்வதற்குப் பயன்படும் என்று நாம் இன்னும் நம்பவில்லை.

நானும் நண்பர்கள் இருவரும் ஒரு முகாமில் பிறப்புச் சான்றிதழ் பற்றிய குறும்படம் ஒன்றைத் திரையிட அனுமதி கேட்டு ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்தோம். ‘சட்டம் பத்தின படம் எதுக்குங்க? பொங்கலுக்கு ரஜினி படம் போடுறதுன்னா சொல்லுங்க, பார்க்கலாம்’ என்றார்கள். சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பதிலில் ஒரு கொள்கை இருக்கிறது. அகதி மகிழலாம், அழலாம். தெரிந்துகொள்ளக் கூடாது.

எனவே நம் கோரிக்கைகளை நேராக வைப்போம். முகாம்களில் தகவல் படங்களைத் திரையிட, கியூ பிரிவின் தலையசைப்புக்குக் காத்திராத தெளிவான நடைமுறையைத் தமிழக அரசு அறிவிக்க வேண்டும். முகாமில் படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் பட்டதாரிகளுக்குப் படத்தொகுப்பும் ஒளிப்பதிவும் கற்றுத்தந்து, அந்தப் படங்களை அவர்களையே எடுக்கவிட வேண்டும். சாதி ஒழிப்பு இயக்கங்கள் தங்கள் திரைவிழாக்களைச் சென்னை அரங்குகளிலிருந்து முகாம்களுக்கும், ஏலத்தோட்ட லயங்களுக்கும் கொண்டுபோக வேண்டும். அங்கே இப்போது வேலை செய்யும் ஜார்கண்ட், அசாம் தொழிலாளர்களின் மொழியிலும் காட்ட வேண்டும். கற்பி, ஒன்றுசேர், போராடு என்றார் அம்பேத்கர். அந்த வரிசையில் முதலில் நிற்பது கற்பி.

அடுத்து அகதியைப் பற்றிப் படம் எடுத்துவிட்டு நம்மிடம் பாராட்டுக் கேட்டு வருபவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்போம். இதை முகாமில் என்றைக்குப் போட்டுக் காட்டப் போகிறீர்கள்?